உலக உடைத்துறை அமைச்சர்

“கழட்டச் சொல்லணும்! சட்டம் போட்டுக் கழட்டச் சொல்லணும்!”

ஹாலிலிருந்து இடி போல வந்த அந்தக் குரலைக் கேட்டும், அடுப்படியில் நின்ற மகாலட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. ரசத்துக்குக் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டாள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டில் முஸ்லிம் பெண்கள் புர்கா போடலாமா கூடாதா என்று டிவியில் விவாதம். தீர்ப்பு மட்டும் ஸ்ரீரங்கத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியிலிருந்து.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உலக உடைத்துறை அமைச்சர். தேர்தல் இல்லை, சம்பளம் இல்லை, பதவிக்காலம் முடிவதும் இல்லை. சமயபுரம் தாண்டினாலே தலைசுற்றும் என்பார். பாரிஸில் கடற்கரை உண்டா என்பதுகூட அவருக்கு நிச்சயமில்லை. ஆனால் அந்தக் கடற்கரையில் எந்தப் பெண் எதை உடுத்திக் குளிக்கவேண்டும் என்பது மட்டும் முழ அளவோடு தெரியும். பெண்கள் அவரவர் விருப்பப்படி உடுத்தவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதற்கு முதல் படியாக, அவர்கள் விரும்பி உடுத்துவதைத் தடைசெய்யவேண்டும் என்பது திட்டம். அமைச்சரின் சொந்த உடை? இடுப்பில் ஒரு வேட்டி. அதற்கு மேலே காற்று. அது வேற.

மகாலட்சுமியின் கணவர் இளவரசன், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முழுநேரமாக இந்தத் துறையைக் கவனித்துவருகிறார். எதிர்க்கட்சியும் உண்டு. திருவெறும்பூரில் இருக்கும் நண்பர் அற்புதசாமி. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் சபை கூடும்.

“யோவ், அது அவங்க இஷ்டம்யா! பொம்பள என்ன உடுத்தணும்னு கவர்மெண்டா சொல்றது?” என்றது போன்.

“உன் மருமக கையில்லாத ஜாக்கெட் போட்டப்ப, கோயிலுக்கே வராதேன்னியே?”

“அது வேற.”

அடுப்படியில் மகாலட்சுமியின் கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. உலகப் பிரச்சினைக்காக அல்ல. கல்யாணமாகிப் போன மகள் விட்டுச்சென்ற ஸ்கூட்டர் கீழே தூசி படிந்து நிற்கிறது. அதை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும், ஒருநாளாவது காவிரிப் பாலத்தில் தானே ஓட்டிக்கொண்டு போகவேண்டும். ஐம்பதை எட்டப்போகும் ஒரு பெண்ணுக்கு இந்த ஆசை பெரிய குற்றமா? புடவை சக்கரத்தில் சிக்கும், சுடிதார்தான் போடவேண்டும் என்று ஸ்கூட்டர் வகுப்பில் சொல்லிவிட்டார்கள். தைத்தும் வந்துவிட்டது. பட்டுப்புடவைகளுக்கு அடியில், செய்யாத பாவம் போல ஒளிந்திருக்கிறது. “இந்த வயசுல சுடிதாரா? நம்ம குடும்பத்துல பழக்கமில்ல” என்று அமைச்சர் ஏற்கெனவே கோப்பை மூடிவிட்டார். இன்று வகுப்புக்குப் போகாவிட்டால் அவளுடைய இடம் வேறொருத்திக்கு.

அப்போதுதான் விதி அழைப்பு மணியை அழுத்தியது.

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, நாற்காலி முதுகில் கிடந்த துண்டை எடுத்து அடுப்படிப் பக்கம் வீசினார் இளவரசன். நைட்டியோடு இருப்பவள் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதல்லவா? பெண் விடுதலை பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாய் ஒரு நொடிகூட நிற்கவில்லை. பழகிய கை. மகாலட்சுமி துண்டைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குள் போனாள்.

வாசலில் ரஹ்மத் நிஷா. தென்னூர்க்காரி; பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கறுப்பு புர்கா, கையில் ஹெல்மெட்.

இளவரசனுக்கு முகம் மலர்ந்தது. இத்தனை நாள் டிவியில் மட்டுமே பார்த்த பிரச்சினை, நடந்து வீட்டுக்கே வந்திருக்கிறது!

“வாம்மா, உக்காரு. பயப்படாம சொல்லு. உன்னை வீட்டுல யாராச்சும் கட்டாயப்படுத்துறாங்களா?”

“ஆமாங்க சார். சீக்கிரம் வந்து சமைக்கச் சொல்றாங்க. அக்கா கிளம்பிட்டாங்களா?”

“நான் டிரெஸ்ஸைச் சொன்னேன். ஒரு பொண்ணு என்ன போடணும்னு அவதான் முடிவு பண்ணணும். அப்பனோ புருஷனோ குறுக்க வரக்கூடாது!”

“ரொம்ப சந்தோஷம் சார். இதையே அக்காகிட்டயும் சொல்லிடுங்க. இதோ வர்றாங்க.”

அவர் திரும்பினார். உள்ளறை வாசலில் பச்சைச் சுடிதாரில் மகாலட்சுமி. கையில் அவர் வீசிய துண்டு.

“என்னடி இது வேஷம்?”

“இப்பதானே சொன்னீங்க, புருஷன் குறுக்க வரக்கூடாதுன்னு?”

“அது வேற!”

“ஆமாம்மா, அது வேற” என்றது போனும். இத்தனை வருட விவாதத்தில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போதே, ‘நம்ம வீட்டுல எல்லாருக்கும் முழுச் சுதந்திரம், என்ன, சில விஷயம் மட்டும்...’ என்று உள்ளே ஒரு குரல் முனகியதா? எதற்கும் உங்கள் நாற்காலியின் முதுகைத் தடவிப் பாருங்கள். துண்டு இருக்கும்.

மகாலட்சுமி கணவரின் அருகே வந்தாள். கையிலிருந்த துண்டை விரித்து, இளவரசனின் வெற்று மார்பை மூடிப் பக்குவமாகப் போர்த்திவிட்டாள்.

“வெளியாள் வந்திருக்காங்கல்ல?”

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஹெல்மெட்டை மாட்டியபடியே பின்னால் போன ரஹ்மத் நிஷா, “போயிட்டு வரோம் சார்” என்று சொல்லிக் கதவை வெளியிலிருந்து சாத்தினாள்.