போக் அண்ணையின் சுட்டுவிரல்

தொண்ணூறுகளில் ஸ்காபுறோவில் பாதியில் நின்ற எந்த அசைவும் போக் அண்ணையின் கண்ணுக்குத் தப்பியதில்லை. உண்மைப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. கிழமை நாட்களில் பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை. ஞாயிறுகளில் மோர்னிங்சைட் பக்கத்துப் பூங்காவில் எங்கள் பேஸ்போல் ஆட்டங்களுக்கு அம்பயர்.

பந்து எறிபவன் எறிவதற்கு உடம்பை அசைத்தால் எறிந்தே ஆகவேண்டும். இடையில் நின்றால் அது ‘போக்’. பேஸில் நிற்கிற எதிரணிக்காரன் சும்மாவே ஒரு பேஸ் முன்னேறலாம். மற்ற அம்பயர்மார் கண்டும் காணாமல் விடுவார்கள். இவர் விடமாட்டார். டோனற் கடையில் ஒருவர் கோப்பியை வாய்வரை கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தாலே இவருடைய சுட்டுவிரல் நீளும். பூங்காவில் நாயொன்று காலைத் தூக்கிவிட்டு யோசித்தால் அதற்கும் போக்தான்.

அந்த ஜூன் மாத இறுதியாட்டத்தில் நான்தான் எறிந்தேன். மரங்களிலிருந்து வெள்ளைப் பஞ்சு பறந்து, மைதானமே நித்திரையில் மிதப்பதுபோல் இருந்தது. மைதான ஓரத்து மர வாங்கில் வாணி இருந்தாள். ஞாயிறு தவறாமல் வருபவள். அடுத்த கிழமை மொன்றியலுக்கு, அக்காவிடம், ஒரேயடியாகப் போகிறாள். இரண்டு வருடமாகச் சொல்ல நினைத்ததை நான் இன்னும் சொல்லவில்லை.

கடைசி இன்னிங்ஸ், சமநிலை, மூன்றாம் பேஸில் எதிரணிக்காரன்; அவன் இன்னும் ஒரு பேஸ் வந்தால் அவர்களுக்கு வெற்றி. கையைத் தூக்கினேன். வாணியின் தலைமயிரில் ஒரு பஞ்சு மெல்ல வந்து இறங்கியது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

“போக்.”

மூன்றாம் பேஸ்காரன் ஆறுதலாக நடந்தே வந்து வென்றான்.

“அண்ணை, தோள் கொஞ்சம்தானே அசைஞ்சது?”

“அசைஞ்சா எறியவேணும். எறியிறேல்லையெண்டா ஏன் அசைஞ்சனி?”

கோப்பைதான் போச்சு, இவளையாவது விடக்கூடாது என்று வாணியிடம் போனேன். “வாணி, நான் உம்மை...” என்று தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டுக் கையுறையைக் கழற்றினேன்.

பின்னால், முகக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி போக் அண்ணை விரலை நீட்டினார். “போக்.”

வாணி சிரிக்கவில்லை. “அப்ப ரூல்படி எனக்கு ஒரு பேஸ்,” என்று ஒரு அடி முன்னுக்கு வந்து நின்றாள். “மிச்சத்தை இப்ப சொல்லும்.”

சொன்னேன். அவள் மொன்றியலுக்குப் போகவில்லை.

அடுத்த ஆவணியில் எங்கள் கலியாணம். தாலியை வாணியின் கழுத்துவரை கொண்டுபோன என் கை பாதியில் நின்றுவிட்டது. பயத்தோடு முன்வரிசையைப் பார்த்தேன். போக் அண்ணையின் விரல் எழும்பியது. வாணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு விரலை மெல்ல மடித்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார்.

தன் வாழ்நாளில் அவர் செய்த ஒரே போக் அது. அதையும் எனக்காகத்தான் செய்தார்.