தொப்புளாரும் கழுத்து சாய்ந்த ஜாடியும்

கொல்லிமலையில் எதையும் கவிழ்த்துப் பார்க்காமல் நம்பாத ஒரே மனிதர் எங்கள் ஜீப் டிரைவர் தொப்புளார்தான். டீ குடித்தால் தம்ளரைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். ஒருநாள் குடிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டார். நனைந்தது என் வேட்டி.

அவருக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் சும்மா இருக்கிறது. மலைக்கு வந்த பஸ்ஸின் கடைசி சீட்டில் கைக்குழந்தையாகக் கிடந்தவராம். விட்டுப்போனது யாரென்று இன்றுவரை தெரியாது. வாழவந்தி நாடு என்கிற மலைப்பகுதியில் ஒரு ஊரே சேர்ந்து வளர்த்தது. அதனால் அந்தப் பக்கத்தில் பாதிப்பேர் அவருக்கு மாமன், மீதிப்பேர் மச்சான். ‘அனாதை’ என்ற சொல்லை மட்டும் அவர் காதுபடச் சொல்லக் கூடாது.

அது தெரியாத ஒருவர் சொல்லிவிட்டார்.

திண்ணனூர் நாட்டில் ஒரு பழைய பங்களாவை விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். கழித்த சாமான்களை ஏற்றிப்போக நம்மவர் ஜீப்பைக் கூப்பிட்டிருந்தார்கள். குப்பையோடு குப்பையாக ஒரு கண்ணாடி ஜாடி கிடந்தது. இளம்பச்சை நிறம், உள்ளே மிளகு மிளகாகக் காற்றுக் குமிழிகள், உடம்பைச் சுற்றி வெள்ளை இழை. கழுத்து மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மேனேஜர் அதைக் கவிழ்த்துப் பார்த்து, “செஞ்சவன் பேரே இல்ல. அனாதைச் சாமான், தூக்கிப் போடு” என்றிருக்கிறார்.

தொப்புளாருக்குச் சுருக்கென்றது. ஜாடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது அங்கே பள்ளிக்கூட வாத்தியார்.

“ஏனுங்க வாத்தியாரே, இதோட அடியப் பாருங்க.”

நடுவில் சொரசொரவென்று ஒரு வட்டத் தழும்பு இருந்தது. “உடைஞ்சிருக்கு” என்றேன்.

“ஒடசல் இல்லீங்க, தொப்புளுங்க! தொப்புள் இருந்தா பெத்தவ இருப்பா. ஆருன்னு கண்டுபிடிக்காம உடமாட்டேன்.”

வயிறு வலிக்கச் சிரித்தேன். மறுநாளே அவருக்குத் தொப்புளார் என்ற பெயர் மலை முழுக்கப் பரவிவிட்டது. பரப்பிய புண்ணியம் என்னுடையது.

சேலத்தில் ஒரு அலங்காரச் சாமான் கடைக்காரர் ஜாடியை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, அது தொப்புளேதான் என்பதுபோலப் பேசினார். “வாயால ஊதுனது. வாய்ப்பக்கம் வேலை செய்யறப்ப அடியில ஒரு கம்பிய ஒட்டிப் பிடிச்சுக்குவாங்க. அத ஒடிச்சு எடுத்த தழும்பு இது. இழை எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கு, இடது கைக்காரங்க வேலையா இருக்கணும். புதுச்சேரிப் பக்கம் ஒரு பட்டறையில இந்தப் பச்சையப் பாத்திருக்கேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்குக் கிளம்பிவிட்டோம். கொண்டை ஊசி வளைவுகளில் என் காலைப் பலகாரம் தவணை தவணையாக வெளியேறியது. அடிவாரத்தில் போலீஸ்காரர் கை காட்டினார். குழாய் வைத்த கருவியை நீட்டி, “ஊது” என்றார்.

“நான் ஊதலீங்க சாமி. ஊதுனவனத்தான் தேடிட்டுப் போறோமுங்க.”

“எவ்வளவு ஊதியிருக்கான்?”

“நல்லாத்தான் ஊதியிருக்கானுங்க. கழுத்துதான் கொஞ்சம் சாஞ்சு போச்சு.”

போலீஸ்காரர் என் தொங்கிய தலையைப் பார்த்தார். அப்புறம் என்னையும் ஊதச் சொன்னார்.

பட்டறைக்குள் நுழைந்ததும் ஜாடியைத் தூக்கிப் பிடித்து, “இத ஊதுனவன் ஆருங்க?” என்று சத்தம் போட்டார் தொப்புளார். உலையைச் சுற்றி நின்ற ஆண்கள் ஒவ்வொருவரும் நான் இல்லை என்றார்கள். “நொட்டாங்கைக்காரன் ஆராச்சும்?” அப்படி ஒருவனும் அங்கே இல்லையாம்.

அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. “போலாம் வாங்க” என்றேன். அவரோ வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். “நீங்க வேணா போங்க. எனக்குத் தெரியாம எந்திரிக்க மாட்டனுங்க.”

மத்தியானச் சாப்பாடு முடித்து டிபன் பாக்ஸ் கழுவ வந்த ஒரு நடுத்தர வயது அம்மா, படியை அடைத்துக்கொண்டிருந்த இவரைப் பார்த்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“ஊதுனவன், ஊதுனவன்னு கேட்டா எவன் வருவான்? ஊதுனவ நான்ல!”

தலையில் அடித்துக்கொண்டேன். மலையில் ‘பெத்தவ’ என்று சொன்ன வாய், கீழே இறங்கியதும் ‘ஊதுனவனை’த் தேடியிருக்கிறது. கூடவே போன நானும் தமிழ் வாத்தியார்தான்!

அந்த அம்மா ஜாடியை இடது கையில் வாங்கி, கட்டைவிரலால் தழும்பைத் தடவினார். “இதுவா? கழுத்து சாஞ்சு போச்சுன்னு கழிவுக்கூடையில நான் போட்டதாச்சே.”

தொப்புளார் படியிலிருந்து எழுந்தார்.

“போட்டுட்டு… அப்பறம் நெனச்சீங்களாங்க?”

“நெனைக்காம? மனசு கேக்கல. மறுநாள் வந்ததும் கூடையக் கொட்டித் தேடுனேன். அதுக்குள்ள யாரோ எடுத்துட்டாங்க. பச்சை ஊதும்போதெல்லாம் இது ஞாபகம்தான்.”

தொப்புளார் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். உலைச் சூடு என்றார். உலை உள்ளே இருந்தது. நாங்கள் வாசல் வேப்பமர நிழலில் நின்றிருந்தோம்.

அந்த அம்மா கண்ணாடியில் கீறும் ஊசி கொண்டுவந்து அடியில் தன் பெயரைப் பொறித்துத் தருவதாகச் சொன்னார். தொப்புளார் தழும்பைக் கையால் மூடிக்கொண்டார். “பேரு வேண்டாமுங்க. தேடுனீங்கல்ல, அது போதும்.”

இப்போது அந்த ஜாடி ஜீப்பின் முன்பக்கத்தில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. வளைவில் வண்டி சாயும்போது கழுத்து நேராகத் தெரியும். “பாத்தீங்களா, அந்தம்மா நம்ம மலைக்குன்னே ஊதியிருக்குது” என்பார்.

எனக்குச் சமவெளிக்கு மாற்றலாகிவிட்டது. ஆனாலும் டீ குடித்து முடித்தால் கை தானாகத் தம்ளரைக் கவிழ்க்கிறது. அடியில் ஒன்றும் இருப்பதில்லை. உடனே மலைக்கு பஸ் ஏறி அந்த மனுஷனைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.