நாதமௌனியின் மஞ்சள் துண்டு

மைசூரு மண்டி மொஹல்லாவில் சனிக்கிழமை காலையில் ஆட்டோ நுழைய முடியாது. முன்பெல்லாம் லாரி வழிமறிக்கும். இப்போது கிட்டார் வழிமறிக்கிறது. சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வரிசை. படித்தவர்கள், ரொம்பப் படித்தவர்கள், படித்துப் படித்தே கண்ணாடி தடித்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எதற்காம்? தங்கள் கிட்டாரின் விலை தெரிந்துகொள்ள!

மாடியில் ஸ்ரீலஸ்ரீ நாதமௌனி சுவாமிகள் எழுந்தருளியிருக்கிறார். கண்ணைச் சுற்றிப் பட்டுத்துணிக் கட்டு. பெட்டியைத் திறக்கவே மாட்டார். வலது கையைப் பெட்டிமேல் வைப்பார். உள்ளே குடியிருக்கும் நாததேவதை விழித்தெழுந்து விலையை அவர் காதில் ஓதிவிடும். ரூபாயில்தான் ஓதும். ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா என்று தேவதையை இதுவரை யாரும் கேட்டதில்லை.

சுவாமி சீட்டு இல்லாமல் ஊரில் பழைய கிட்டாரை ஒருவரும் வாங்குவதில்லை. சீட்டில் ‘தோஷம்’ என்று எழுதிவிட்டாரோ, போச்சு! அந்தக் கிட்டாரைத் தொடக்கூட ஆள் வராது. ஒரே ஒரு புண்ணியவான் மட்டும் வாங்குவார். கீழே கடை வைத்திருக்கும் முரளிதரன். சுவாமியின் தலைமைச் சீடர். தோஷக் கிட்டாரை அடிமாட்டு விலைக்கு வாங்கி, பரிகாரம் செய்து, ஐந்து மடங்குக்கு விற்பார். பரிகாரம் என்றால் துடைத்துப் புதுத் தந்தி மாட்டுவது.

அன்று வரிசையில் சுசித்ரா நின்றாள். நாலு வருஷம் ரிசார்ட்டில் மாலைதோறும் வாசித்துச் சம்பாதித்து வாங்கிய கிட்டார் அவளுடையது. புதிதாக வாங்கினால் இரண்டேகால் லட்சம். சென்னையில் ஒலிப்பதிவுப் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். வாங்குவதற்கு தீபக் என்ற மென்பொருள்காரர் கூடவே வந்திருந்தார். “சீட்டுல என்ன இருக்கோ அதை அப்படியே கொடுத்துடறேன்” என்பது அவர் வாக்கு. கையில் எண்பதாயிரம் ரூபாய் போன். அதில் உலகத்துக் கிட்டார் விலையெல்லாம் கிடைக்கும். அவர் அதில் சுவாமியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சுசித்ராவை ஆட்டோவில் கூட்டி வந்தவர் அவள் தாய்மாமன் சென்னிமலை. ஹனூர்க்காரர். ஆட்டோ வாங்குவதற்கு முன் மாட்டுத் தரகு பார்த்தவர்.

“ஏம் புள்ள, தொறந்து பாக்காம எப்படி வெல சொல்றது? நானெல்லாம் பல்லப் புடிச்சுப் பாக்காம ஒரு கன்னுக்குட்டிக்கு வெல சொன்னதில்ல.”

“மாமா, சும்மா இருங்க. சீட்டு இல்லாம அவரு வாங்க மாட்டேங்கறாரு.”

முதலில் முரளிதரன் கிட்டாரைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார். சாம்பிராணி காட்டித் தீட்டுக் கழிக்கவாம். தீட்டு கழிகிறபோது என்ன ஓசை வருமோ தெரியாது. ஆனால் உள்ளே ஆறு தந்திகளும் ஒவ்வொன்றாக ஒலித்தன, திரை இடுக்கில் டார்ச் வெளிச்சம் அலைந்தது. பத்து நிமிஷம் கழித்துப் பெட்டி மூடியபடி சுவாமி முன்னால் வந்தது.

சுவாமியின் இடது கைமேல் ஒரு மஞ்சள் துண்டு. முரளிதரன் பயபக்தியோடு துண்டுக்கு அடியில் கையை நுழைத்தார். சக்தி ஏற்றுகிறாராம். கூட்டம் கைகூப்பியது. சுவாமி நடுங்கினார், முனகினார், பிறகு சொன்னார்:

“பழைய சொந்தக்காரனோட கண்ணீர் உள்ள இருக்கு. தோஷம்! இருபத்திரண்டாயிரம்!”

பழைய சொந்தக்காரன் என்று ஒருவன் இல்லவே இல்லை. கடையில் புத்தம் புதிதாக வாங்கியவளே சுசித்ராதான். தீபக் நைசாக இரண்டடி பின்வாங்கினார்.

“பயப்படாதீங்கம்மா, ஸ்வல்ப தோஷம்தான். நானே எடுத்துக்கறேன். ரொக்கமா தர்றேன்” என்று கருணை பொழிந்துவிட்டு, முரளிதரன் அடுத்த கிட்டாரோடு திரைக்குள் போனார்.

சென்னிமலை சுவாமியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. துண்டையே பார்த்தார். மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் பேரம். அவர் இருபது வருஷம் செய்த தொழில். துண்டு இரண்டு முறை புடைத்து, நின்று, மறுபடி இரண்டு முறை புடைத்ததன் கணக்கு இருபத்திரண்டு என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“அம்மிணி, கிட்டார வெளிய எடு” என்று சுசித்ராவின் காதோடு சொன்னார்.

எடுத்தாள். அவர் காலிப் பெட்டியை மூடி சுவாமி முன்னால் வைத்தார். கூட்டத்தைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். பிறகு துண்டுக்குள் கையை விட்டு, சுவாமியின் மணிக்கட்டை மூன்று முறை அழுத்தினார். சந்தையில் மணிக்கட்டு என்றால் லட்சம்.

முரளிதரன் அடுத்த கிட்டாரோடு வந்துவிட்டதாக நினைத்துச் சுவாமி சிலிர்த்தார். “ஆகா! கந்தர்வன் தொட்ட வாத்தியம்! உள்ள சாட்சாத் சரஸ்வதி உக்காந்திருக்கா! மூணு லட்சம்!”

சென்னிமலை மறுகையால் பெட்டியைத் திறந்தார். “சுசித்ரா, வாசி!”

அவள் சுவாமிக்குப் பின்னால் நின்று ஓங்கி ஒரு மீட்டு மீட்டினாள். சுவாமி துள்ளியெழுந்து கண்கட்டைப் பிடுங்கினார். முன்னால் திறந்த பெட்டி, காலி. பின்னால் கிட்டார். துண்டுக்குள் இன்னமும் ஆட்டோக்காரர் கை.

“ஏனுங்க சாமி, எந்தச் சந்தைங்க? கை பழகினதப் பாத்தா குண்டலுபேட்டையாட்டத் தெரியுதே!”

“நாலு வருஷம்தாங்க அங்க இருந்தேன்...” என்று சுவாமிக்கு வாய் தவறி உண்மை வந்துவிட்டது. அவர் அருளிய ஒரே உண்மை அதுதான்.

கூட்டம் திரையைக் கிழித்தது. உள்ளே முரளிதரன் அடுத்த கிட்டாரும் கையுமாக நின்றார். சாம்பிராணிச் சட்டியில் தணலே இல்லை. பக்கத்தில் டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பதுபோல் ஒரு குட்டிக் கண்ணாடி, முரளிதரன் குறித்துவைத்த ஒரு துண்டுக் காகிதம். தீபக் அதை எடுத்து உரக்கப் படித்தார்: “கழுத்து நேர். உள்ளே விரிசல் இல்லை. ஒண்ணு நாப்பதுக்குப் போகும். இருபத்திரண்டு சொல்லணும்.”

பிறகென்ன? அதே டார்ச், அதே கண்ணாடி. தீபக் முதல்முறையாகத் தன் கண்ணால் பார்த்தார், தன் காதால் கேட்டார், போனில் இதே மாடல் எவ்வளவுக்குப் போயிருக்கிறது என்று தேடினார். பின்பக்கம் ஒரு கீறல். கழுத்தில் பதித்த ஃபிரெட் கம்பிகள் கொஞ்சம் தேய்ந்திருந்தன. ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் என்று முடிந்தது. பணம் அங்கேயே சுசித்ராவின் கணக்குக்குப் போனது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். தேவதைக்குத் தேவைப்படாத அந்தச் சோதனைக்கு மொத்தம் பதினைந்து நிமிஷம் ஆயிற்று.

அந்தக் கிட்டார்ப் பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை என்பது திறந்த நொடியில் தெரிந்துவிட்டது. அதன் முன்னால் கைகூப்பிக் குனிந்த தலைகளுக்குள் ஏதாவது இருக்கிறதா என்பதை, அவரவர் திறந்து பார்த்துக்கொள்ளட்டும்.