முழங்கால் மாத்திரையை உடனே நிறுத்தவும்

அன்புத் தம்பிக்கு அண்ணன் சொல்லச் சொல்ல, கீழ்வீட்டுத் தையல்காரர் எழுதுவது. நீ நலமாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதமே. இங்கே நலத்தைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது. போனில் சொல்ல வழியில்லை. ஒன்பது வயதில் காசத்துக்குப் போட்ட தொண்ணூறு ஊசியில் இருமலோடு காதும் போன ஆள் நீ. எண்ணிக்கையில் சந்தேகம் வேண்டாம், ஒவ்வொரு ஊசிக்கும் உன் காலைப் பிடித்துக்கொண்டவன் நான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறி விழுந்தேன். முழங்கால் வீங்கியது. ஒல்லி டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுத்து, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்றார். ஐந்தாம் நாள் வலி போச்சு. ஆனால் நிறுத்து என்று அவர் சொல்லவில்லையே. நம்ம முலாம் பட்டறையில் தொட்டிக்குத் தினம் ஒரு குவளை அமிலம் ஊற்றச் சொன்னால், மேஸ்திரி போதும் என்கிற வரைக்கும் ஊற்றுவோம். அவர் லீவில் போன பதினோரு நாளும் நீயும் நானும் ஊற்றி, மொத்தத் தொட்டியும் கெட்டுப்போச்சே. அதே கை, அதே பழக்கம். டாக்டர் வேறு ஊருக்கு மாறிப்போனார், நான் பழைய சீட்டைக் காட்டி வாங்கி முழுங்கிக்கொண்டே இருந்தேன். பிரஷர் ஏறியது, அதற்கு ஒரு மாத்திரை. அதில் கால் வீங்கியது, வீக்கத்துக்கு நீர் மாத்திரை. அதில் நாளெல்லாம் கக்கூசுக்கு ஓட்டம், போதாததற்குக் கால் கட்டைவிரல் நெருப்பாய் எரிந்தது. விரலுக்குக் கொடுத்த மாத்திரை வயிற்றைக் கலக்கியது, வயிற்றைக் கட்ட இன்னொன்று. "மாத்திரைதான் சாப்பாடு, சோறு தொட்டுக்கறதுக்கு"ன்னு உன் அண்ணி பேசுகிறாள்.

போன வாரம் புதுசா வந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் மேஜையில் பரப்பச் சொன்னார்.

"இந்த வெள்ளை எதுக்கு பெரியவரே?"

"முழங்காலுக்கும்மா."

"எப்ப வலிச்சது?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு செவ்வாய்க்கிழமை."

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மற்ற மாத்திரையெல்லாம் இது இழுத்துவிட்டதுதானாம். ரத்தத்தைப் பார்த்தால் கிட்னி பாதிதான் வேலை செய்யுதாம். வெள்ளையை அன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிட்டார். தொட்டி கெட்டால் கொட்டிவிட்டுப் புதுசு போடுவோம். என்னை எங்கேடா கொட்டுவது?

"பெரியவரே, தம்பிக்கு என்ன விஷயம்னு இன்னும் சொல்லலையே, காகிதம் தீரப்போகுது" என்கிறார் தையல்காரர்.

விஷயம் இதுதான். போன வருஷம் முழங்கால் வலி என்று நீ எழுதினாய். கைகண்ட மருந்து, விடாமல் சாப்பிடு என்று அதே வெள்ளை மாத்திரையை இரண்டு தடவை உன் அண்ணியிடம் கொடுத்துப் பார்சலில் அனுப்பினேன், ஒவ்வொரு தடவையும் நூறு. உனக்கும் போதும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீயும் அதே பட்டறைக்காரன், நிறுத்தியிருக்க மாட்டாய். நான் கெட்டது என் கையால். நீ கெட்டால் அதுவும் என் கையால். ராத்திரியில் கண்ணை மூடினால் உன் முகம்தான். கடிதம் கண்டதும் நிறுத்து, ரத்தம் கொடுத்துப் பார். என்ன வந்தாலும் மறைக்காமல் எழுது.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் ஆசி, என் ஆசி இனிமேல் செல்லுமானால்.

இப்படிக்கு,
பாவி அண்ணன்

பின்குறிப்பு: தையல்காரர் இதை உரக்கப் படித்துக்காட்டும்போது உன் அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அதை எங்க அனுப்பினேன்? ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் சாப்பிடலாமா? எடுத்துட்டு, ஆஸ்பத்திரியில எனக்குக் குடுத்த சுண்ணாம்புச் சத்து மாத்திரையைத்தான் பொட்டலம் கட்டினேன்" என்றாள். எடுத்ததை என்ன செய்தாய் என்றேன். "உங்க டப்பாவுலயே திரும்பப் போட்டுட்டேன்" என்றாள். ஆகவே தம்பி, மேலே உள்ளது எதையும் நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். தையல்காரரிடம், இதைக் கிழித்துவிட்டு ஒரு வரியில் நலம் என்று எழுதித் தாரும் என்றேன். அவர் முடியாது என்கிறார். எழுதி எழுதி மணிக்கட்டு வலிக்கிறதாம், அந்த வெள்ளை மிச்சமிருந்தால் இரண்டு கொடுங்கள் என்று கேட்கிறார்.