அமெரிக்கனும் அந்த நாலு பேரும்

எனக்கு எண்பத்தொரு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். அந்த ஏழு பேரும் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை பேசியதையெல்லாம் தராசில் ஒரு தட்டில் வையுங்கள். எங்கள் பிளாட்டின் மேல்மாடியில் இருந்த அமெரிக்கன் ஒரு கிழமையில் பேசியதை மற்றத் தட்டில் வையுங்கள். அமெரிக்கனின் தட்டுத்தான் நிலத்தில் இடிக்கும்.

அமெரிக்கன் என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். மன்னார் ஆள். படகில் வந்தவர். அமெரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. பாட்டுப் பாடுகிற ஓர் அமெரிக்கப் பாண்டினால், அவுஸ்திரேலியாவில் நாங்கள் இருக்கிற இந்த ஹோம்புஷில் அவருக்கு அந்தப் பெயர் விழுந்தது.

அந்தப் பாண்டின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அமெரிக்காவிலேயே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாதாம். அதையும் அவர் பெருமையாகத்தான் சொல்வார்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டை ஆரும் கேட்பினம் அன்ரி. அதில என்ன கெட்டித்தனம்?"

ஊரில் அவர் வெளிநாட்டு நிவாரணக்காரர்களுக்கு வான் ஓட்டியவர். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெட்டை போட்ட பாட்டுச் சிடி அந்த வானின் பெட்டிக்குள் சிக்கி, வெளியே வர மாட்டேன் என்று நின்றுவிட்டது. பெட்டை தன் நாட்டுக்குப் போய்விட்டாள். சிடி போகவில்லை. வானைத் திறந்தால் அந்த ஒன்பது பாட்டுத்தான். முதல் மாதம் தலையிடித்ததாம். இரண்டாம் மாதம் பழகியதாம். மூன்றாம் மாதம் பாடுகிற நாலு பேரும் அவருக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் அந்தப் பாண்டின் சரித்திரத்தில் சோதனை வைத்தால் அவுஸ்திரேலியாவிலேயே முதலாவதாக வருவேன். பனி கொட்டுகிற ஒரு சின்ன ஊர். உடுப்புத் தோய்க்கும் மெசின் நிற்கிற நிலக்கீழ் அறையில் மூன்று பெடியன்களும் ஒரு பெட்டையும் பாடிப் பழகினார்கள். முதல் அல்பத்தின் ஐந்தாவது பாட்டில் மெசின் சுற்றுகிற சத்தமும் கேட்குமாம். பாட்டு வெளியிடுகிற பெரிய கம்பனி வந்து கூப்பிட்டது. போகவில்லை. இரண்டாவது அல்பத்தோடு ஒருவர் பல் வைத்தியம் படிக்கப் போய்விட்டார். மூன்றாவது அல்பம் வந்த கையோடு அவர்களுடைய வானைச் சாமான்களோடு யாரோ களவெடுத்தார்கள். பிறகு கிற்றார் அடிக்கிற பெட்டையின் கலியாணம் முறிந்தது. அதைப் பற்றி ஒரு பாட்டு வந்தது. கடைசியில் பாண்டே கலைந்தது.

இவ்வளவையும் நான் நாலு வரியில் சொல்லிவிட்டேன். அமெரிக்கனோடு ஹோம்புஷில் ரயில் ஏறினால் பரமட்டாவில் இறங்கும்போது இரண்டாவது அல்பம்தான் வந்திருக்கும்.

அவருக்கு ஸ்டேஷன் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தோசை சுடுகிற வேலை. படிக்கிற பெடியன்கள் பசியோடு வந்து வரிசையில் நிற்பார்கள்.

"அண்ணே, மசாலா தோசை என்னாச்சு?"

"பொறும் தம்பி, கம்பனிக்காரன் இப்பத்தான் வாசலுக்கு வந்திருக்கிறான்."

கம்பனிக்காரன் வந்து, பேசி, திரும்பிப் போவதற்குள் தோசை கரிந்துவிடும். முதலாளி அவரை மூன்றுமுறை வேலையை விட்டு நிறுத்தினார். அமெரிக்கன் மூன்றுமுறையும் அடுத்த நாள் காலையில் வந்து அடுப்பைப் பற்றவைத்தார்.

நார்த்மீட்டில் ஒரு செத்த வீடு. கணவனைப் பறிகொடுத்த பெண் கதிரையில் உறைந்துபோய் இருந்தாள். அமெரிக்கன் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"அக்கா, மனம் விடாதேங்கோ. அந்தப் பாண்டிலயும் ஒராள் போனாப் பிறகு ஒரு வருசம் ஒண்டுமே செய்யாமத்தான் இருந்தவை. பிறகு வேற நல்ல ஆளாப் பார்த்துச் சேர்த்தவை."

அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேர் அவரை ஆளுக்கொரு கையாகப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள். ஆனால் அந்தக் கிழமை முழுவதிலும் அந்தப் பெண் சிரித்தது அப்போது மட்டும்தான். நான் கண்டேன்.

இப்படி இருந்தவருக்கு விசா மறுத்துவிட்டார்கள். காரணம் வருசம். அப்பா இறந்தது எப்போது, உன்னைப் பிடித்துக்கொண்டு போனது எப்போது, படகு ஏறியது எப்போது என்று மூன்று இடத்தில் கேட்டார்கள். மூன்று இடத்திலும் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவின் மரணச் சான்றிதழில் இருந்த வருசம் அந்த மூன்றிலும் இல்லை. ஆகவே எல்லாமே பொய் என்று எழுதிவிட்டார்கள். மேல்முறையீடு ஒன்று மிச்சம். அதிலும் தவறினால் ஆளைத் திருப்பி அனுப்புவார்கள்.

விசாரணைக்கு முன்பு பரமட்டாவில் அவருக்காக வாதாடுகிற சட்டத்தரணி ஒருத்தி அவரை வரச் சொன்னாள். அவரோடு அறையில் இருந்தவர்கள் என்னிடம் வந்தார்கள்.

"அன்ரி, நீங்களும் போங்கோ. பக்கத்தில இருங்கோ. பாண்டைத் தொடங்கினாரெண்டால் காலில மிதியுங்கோ."

போனேன். காலுக்குக் கெட்டியான சப்பாத்தாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனேன்.

சட்டத்தரணி சின்னப் பெண், வெள்ளைக்காரி. பக்கத்தில் மொழிபெயர்க்க சென்னைக்காரர் ஒருவர்.

"உங்களை முதல்ல பிடிச்சிட்டுப் போனது எப்போன்னு கேக்கறாங்க."

"அது வந்து, பாண்டில..."

மிதித்தேன். அமெரிக்கன் தொடங்கியதை விழுங்கிவிட்டு ஒரு வருசத்தைச் சொன்னார். அந்தப் பெண் பேப்பரைப் பார்த்தாள். அது நாலாவது விதம்.

"அப்பா இறந்தது?"

"கிற்றார் அடிக்கிற..."

மிதித்தேன். இன்னொரு வருசம் வந்தது. அந்தப் பெண் பேனையை மேசையில் வைத்துவிட்டு ஏதோ மெதுவாகச் சொன்னாள்.

"இப்படியே பேசினா காப்பாத்த முடியாதுன்னு சொல்றாங்க சார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அமெரிக்கன் குனிந்து மிதிபட்ட காலைத் தடவினார். நான் அவரைப் பார்த்தேன். எனக்கும் வருசக் கணக்குத் தெரியாது. மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வீடு கட்டினோம், கடைசிப் பிள்ளைக்குப் பல் முளைக்கும்போது கொழும்பை விட்டு ஓடினோம் என்றுதான் சொல்வேன். எந்த வருசம் என்று கேட்டால் வாயில் வந்ததைத்தான் சொல்வேன். இந்த மனிதருக்குப் பிள்ளை குட்டி இல்லை. எதை வைத்துக் கணக்குச் சொல்வார்?

காலை எடுத்தேன்.

"தம்பி, இப்ப சொல்லும். பிடிச்சது எப்ப?"

"மூண்டாவது அல்பம் வந்து, அவையின்ர வான் களவு போன கிழமை அன்ரி. இன்ரநெற் கடையில அதை வாசிச்சுக்கொண்டிருக்கேக்கதான் வந்து கூட்டிக்கொண்டு போனவங்கள். மிச்சத்தை வாசிக்க விடேல்லை."

"அப்பா?"

"கலியாணம் முறிஞ்ச பாட்டு வந்த மாசம்."

"படகு?"

"பாண்ட் கலைஞ்சு மூண்டு மாசம். அவையே கலைஞ்சாச்சு, இனி இங்க ஆர் இருக்கினம் எண்டு ஏறினனான்."

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். "அம்மா, இதை நான் எப்படி இங்கிலீஷ்ல சொல்றது?"

"சொன்னபடி சொல்லுங்கோ. அதுதான் அவரின்ர கலண்டர்."

சொன்னார். அந்தப் பெண் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கம்பியூட்டரில் தட்டித் தேடினாள். கலியாணம் முறிந்த பாட்டு எந்த மாதம் வந்தது என்று எடுத்து, மரணச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்தாள். அதே வருசம், அதே மாதம். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள், தேடினாள், எழுதினாள். ஒன்றும் முன்பின்னாகப் போகவில்லை. அமெரிக்கன் கேட்ட கேள்விக்கு முதல்முறையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேல்முறையீட்டோடு அந்தப் பாண்டின் சரித்திரமும் இரண்டு பக்கம் இணைக்கப்பட்டது. விசாரணை நாளில் நான் வெளியே கதிரையில் காத்திருந்தேன். இரண்டு மணித்தியாலம் கழித்து வந்தார்.

"என்னவாம் தம்பி?"

"விசாரிச்சவர் சிடி சிக்கினதிலயிருந்து கேட்டவர் அன்ரி. ரெண்டாவது அல்பத்தோட நேரம் முடிஞ்சு போட்டுது."

விசா கிடைத்தது. மெல்பேர்ணில் வேலையும் கிடைத்து, அமெரிக்கன் அங்கே போய்விட்டார். கலைந்த பாண்ட் திரும்பச் சேர்ந்து, பழைய ஆட்கள் இரண்டு பேரோடு மெல்பேர்ணுக்குப் பாட வந்ததாம். மறுநாள் காலையில் எனக்குப் போன் எடுத்தார். சின்ன மண்டபம், இவர் முன் வரிசையில் நின்றாராம். முடிந்த பிறகு கிற்றார்காரி இறங்கி வந்து இவருக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்தாளாம்.

"கதைச்சீரோ?" என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி."

"ஏன்?"

"என்னத்தைச் சொல்லுறது எண்டு தெரியேல்லை."

அந்த வாய்க்குப் பேச்சு வராமல் போனது, நான் அறிய, அந்த ஒருமுறைதான். மேல்மாடியில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. அமைதியான ஆட்கள். லிப்ற்றில் கண்டால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதிய பேத்தி தர்ஷி இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாள்.

"அம்மம்மா, மேல டேட் போடோணும். என்ன டேட்?"

"அமெரிக்கன் மெல்பேர்ணுக்குப் போய் ரெண்டாம் வருசம் எண்டு போடு."

"அம்மம்மா! நோபடி வில் நோ!"

"தெரிய வேண்டிய ஆளுக்குத் தெரியும். போட்டிட்டு முதலில இருந்து ஒருக்கா வாசி பிள்ளை. அவர் வாற இடமெல்லாம் கொஞ்சம் மெதுவா, ஆறுதலா வாசி."