இருபதாம் நம்பர் உடை

"உடை இருபது இருக்கு. உள்ள போட ஆள் பதினஞ்சுதான். இப்ப என்ன பண்றது?" என்று மாஸ்டர் கேட்டார்.

கேட்டது தன் மச்சினனிடம். மனிதர் எந்த நிலைமைக்கு வந்துவிட்டார் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

மாஸ்டர் இருபத்திரண்டு வருஷம் அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில் லேத் வேலை சொல்லிக்கொடுத்தவர். ஊருக்கு வெளியே கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலை வரப்போகிறது என்றதும் லேத்தைத் துணி போட்டு மூடினார்கள். மாஸ்டரை நாலு நாள் வகுப்புக்கு அனுப்பி, திரும்பி வந்தவரை நவீன உற்பத்திப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். பழைய ஸ்டோர் ரூமுக்கு வெள்ளையடித்து, ஏசி மாட்டி, 'தூசியில்லா அறை' என்று பலகை வைத்தார்கள்.

உள்ளே போகிறவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகமூடி, கண்ணாடி எல்லாம் போட வேண்டும். பேசக் கூடாது, போன் கூடாது, மூக்கைச் சொறியக் கூடாது. பயிற்சிக்கு ஒரு சிப்பும் வந்து சேராததால், சர்க்கரையை இடுக்கியால் ஒவ்வொரு துகளாக எடுத்து இன்னொரு தட்டில் வைத்துப் பழகினார்கள். ஒரே வாரத்தில் தூசியில்லா அறைக்கு எறும்பு வந்தது.

இருபது பேர் சேர்ந்ததில் ஐந்து பேர் அந்த மூக்கு விஷயத்திலேயே கழன்றுகொண்டார்கள். இன்றைக்குப் பார்த்துத் தொழிற்சாலையின் மேலாளர் அம்மா நேரில் வருகிறார். இருபது பேர் இருந்தால் பயிற்சி தொடரும், எல்லோருக்கும் வேலை. ஒரு தலை குறைந்தாலும் பயிற்சி வேறு ஊருக்குப் போய்விடும். மாஸ்டருக்கு ரிட்டயராக இன்னும் ஆறு வருஷம் இருந்தது. மகள் இப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். லேத்தும் இல்லை, சிப்பும் இல்லை என்றால் மனிதர் எங்கே போவார்?

"இதுக்குப் போய் கவலைப்படுறீங்களே மாமா," என்றான் மச்சினன். "எல்லாம் போட்டுக்கிட்டா யாரு எவருன்னே தெரியாது. நானே ஒரு ஆள் இருக்கேன்ல."

அவன் உடைக்குள் இறங்கினான். ஜிப் வயிறு வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றுகொண்டது. மாஸ்டர் முழங்காலை ஊன்றி இழுத்துப் பார்த்தார். உடை 'டர்' என்றது.

"கழட்டு, கழட்டு. இருக்கிற இருபதையும் கிழிச்சுடாதே."

வாசலில் இருந்த வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஒன்றைப் போட்டுவிட்டார்கள். பதினாறு. பிறகு மாஸ்டர் வீட்டுக்குப் போன் செய்தார். மனைவி பத்து நிமிஷத்தில் வந்தாள்.

"வீட்டு ஃபேன்ல தூசி தட்டச் சொல்லி மூணு மாசமாச்சு. நீங்க தூசியில்லா ரூமுக்கு மாஸ்டரா?"

"சண்டையெல்லாம் சாயங்காலம் வச்சுக்கலாம். முதல்ல இந்த முகமூடியைப் போடு," என்று மாஸ்டர் கெஞ்சினார். பதினேழு.

எதிர்ச் சலூன்காரர் வரமாட்டேன் என்றார். "பாதி வெட்டின தலையை அப்படியே விட்டுட்டு எப்படிங்க வர்றது?"

"அந்தத் தலையையும் கூட்டிட்டு வாங்க."

பதினெட்டு, பத்தொன்பது. இன்னும் ஒருவர். மச்சினன் வெளியே ஓடினான்.

அவன் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் மேலாளர் அம்மா வராந்தாவில் வந்து நின்றார். வாட்ச்மேன் உடைக்குள் இருந்தபடியால் வந்துவிட்டார்கள் என்று சொல்ல வாசலில் ஆள் இல்லை. மாஸ்டருக்கு வேறு வழி தெரியவில்லை, வராந்தா ஓரத்தில் மூடிக் கிடந்த லேத்தின் துணியை விலக்கி அதன் வரலாற்றை ஆரம்பித்தார். கால்மணி நேரம் சொன்னார். அம்மா தன் கையோடு கொண்டுவந்திருந்த உடையை மாட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

பின்வாசலில் மச்சினன் தலை தெரிந்தது. கட்டைவிரலைக் காட்டினான்.

"யாருடா?" என்று மாஸ்டர் நழுவிப் போய்க் கிசுகிசுத்தார்.

"வெளிய ஒருத்தர் சும்மா நின்னுக்கிட்டிருந்தாரு மாமா. ஏசியில அரைமணி நேரம் உட்கார்றீங்களான்னு கேட்டேன். மறுபேச்சு பேசாம வந்துட்டாரு. நல்ல மனுசன்."

மேலாளர் அம்மா உள்ளே நுழைந்தார். பதினாறாம் நம்பர் எழுந்து சல்யூட் அடித்தது.

"என்ன இது?"

"ஒழுக்கம் மேடம். முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்."

இது நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று நிஜமான பதினைந்து பேரும் எழுந்து சல்யூட் அடித்தார்கள். பதினெட்டாம் நம்பர் பழக்க தோஷத்தில் பத்தொன்பதாம் நம்பரின் தலையைப் பிடித்துக் குனியவைத்தது.

"அவர் என்ன பண்றாரு?"

"பக்கத்துல இருக்கிறவர் சரியா உட்கார்ந்திருக்காரான்னு பார்த்துக்கிறார் மேடம். கூட்டுப் பொறுப்பு."

அடுத்தது பதினேழு. பேசக் கூடாது என்று அத்தனை முறை சொல்லியும் வாய் சும்மா இருக்கவில்லை. "மேடம், இப்பத்தான் துடைச்சு வச்சிருக்கு. ஷூவுக்கு உறை போடாம உள்ள வந்தா எப்படி?"

மாஸ்டருக்குப் பாதி உயிர் போய்விட்டது. மேலாளர் அம்மா குனிந்து பார்த்தார். லேத் கதையில் அதை மறந்தே போயிருந்தார். வெளியே போய் உறை மாட்டிக்கொண்டு வந்தார்.

"சரியாத்தான் சொன்னாங்க," என்றார். மாஸ்டரின் பாதி உயிரில் கொஞ்சம் திரும்பி வந்தது.

சர்க்கரைத் தட்டுகளை வைத்தார்கள். ஐந்து நிமிஷம் போயிருக்கும், யாருடைய உடைக்குள்ளோ போன் அடித்தது. பத்தொன்பது கைகள் இடுப்புக்குப் போயின, நாலு தட்டு கவிழ்ந்தது. இருபதாம் நம்பர் மட்டும் அசையவில்லை. ஒரு துகளை எடுத்தது, வைத்தது. அடுத்ததை எடுத்தது, வைத்தது. மேலாளர் அம்மா அரைமணி நேரம் அதன் பக்கத்திலேயே நின்றார்.

பிறகு மாஸ்டரையும் இருபதாம் நம்பரையும் வெளியே அழைத்தார்.

"மாஸ்டர், மத்தவங்களுக்கு இன்னும் பழக்கம் வேணும். அது பரவாயில்ல. ஆனா இவரை மாதிரி ஒரு ஆளைத்தான் நான் பத்து வருஷமாத் தேடிக்கிட்டிருக்கேன். கை நடுங்கல, கவனம் சிதறல. எதுக்குன்னு கேக்கல, எப்ப முடியும்னு கேக்கல. எங்க இன்ஜினியருங்களுக்கே இந்தப் பொறுமை வரல. மூணே மாசத்துல எப்படிக் கொண்டுவந்தீங்க?"

"ஏதோ நம்மால முடிஞ்சது மேடம்," என்றார் மாஸ்டர். அந்த நிமிஷத்தில் அவர் அதை மனசார நம்பினார் என்பதுதான் வேடிக்கை.

"அப்ப பயிற்சி இங்கேயே தொடரட்டும். முதல் வேலை இவருக்குத்தான்." மேலாளர் அம்மா உத்தரவுத் தாளை மேஜைமேல் விரித்துப் பேனாவின் மூடியைத் திறந்தார். "முகமூடியைக் கழட்டுங்க. பேரைச் சொல்லுங்க, எழுதிட்டுக் கையெழுத்துப் போட்டுடுறேன். நாளைக்குக் காலையிலேயே வந்து சேர்ந்துடுங்க."

இருபதாம் நம்பர் கண்ணாடியைக் கழற்றினார். முகமூடியைக் கழற்றினார். தலையைக் கொஞ்சம் சொறிந்துகொண்டார்.

"சேர்ந்துடுறேன் மேடம். ஆனா நாளைக்குக் காலையில உங்க காரை யார் ஓட்டுவாங்க?"