போண்டாவுக்கு என்ன குரூப்?

கேரியர் குரு சிவக்குமாருக்கு நான் தரவேண்டியிருந்த பாக்கி மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். எதுக்கு? என் மகள் சுபலட்சுமியின் பத்து விரலும் என்ன நினைக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாரே, அதுக்கு.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே விளாங்குடி முழுக்க பேனர். 'பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? உங்கள் பிள்ளையின் விரல் சொல்லும்!' கோட்டு போட்ட சிவக்குமார் கையைக் கட்டிக்கொண்டு அதில் சிரித்தார். மதுரை மே மாத வெயிலில் கோட்டு போடுகிற ஆள் பெரிய அறிவாளியாகத்தான் இருக்கணும் என்று சனம் முடிவு கட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. பேரையூரிலிருந்து ஒரு வேன், கல்லுப்பட்டியிலிருந்து ரெண்டு வேன். நுழைந்ததும் டீ, உருளைக்கிழங்கு போண்டா. அதோடு ஓசி முடிந்தது.

"மூளைக்கும் விரல் நுனிக்கும் நேரடி லைன் இருக்கு," என்று மைக்கில் முழங்கினார். "உங்க பிள்ளை டாக்டரா, இன்ஜினியரா, எல்லாமே கருவிலேயே விரல்ல பதிஞ்சிருச்சு. நாங்க வாசிச்சுச் சொல்றோம், அம்புட்டுதான்!"

முன்னாடி தலையில் எழுதியிருக்கிறது என்றார்கள். இப்போது விரலுக்கு இறக்கிவிட்டார்கள். இடம் இறங்கியிருக்கிறது, ரேட்டு ஏறியிருக்கிறது. ஐயாயிரத்து எழுநூற்று ஐம்பது. கையில் இருந்த ரெண்டாயிரத்தை அட்வான்ஸாகக் கட்டினேன்.

"பாக்கிய அடுத்த ஞாயிறு தாங்க அய்யா. பிள்ளை எதிர்காலத்துக்கு முன்னாடி பணம் பெருசா?" என்று பெருந்தன்மையாகச் சொல்லி, பாக்கிச் சீட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

மெஷின் சோப்பு டப்பா அளவு. மேலே கண்ணாடி. விரலை அழுத்தினால் பச்சை விளக்கு. பத்து விரல், பத்துப் பச்சை. அஞ்சு நிமிஷத்தில் முப்பத்திரண்டு பக்க ரிப்போர்ட், கலர் அட்டையோடு.

சுபா கணக்கில் தொண்ணூற்றேழு. நான் கொத்தனார். பத்துக்குப் பன்னிரண்டு ரூமுக்கு எம்புட்டு செங்கல், எத்தனை மூட்டை சிமெண்டு என்று சைட்டிலிருந்து போனில் கேட்டால், சோற்றில் கை வைத்தபடியே சொல்லிவிடுவாள். கணக்கு, கம்ப்யூட்டர் குரூப்தான் வேணும் என்று நின்றாள். ரிப்போர்ட் என்ன சொன்னது? 'தர்க்க அறிவு 11 சதவீதம். கணிதப் பாடப்பிரிவைத் தவிர்க்கவும். கைத்தொழில் உகந்தது.'

கொத்தனார் மகளுக்குக் கைத்தொழில்! அவள் விரலைப் பார்த்தார்களா, என் சட்டையைப் பார்த்தார்களா, தெரியவில்லை. ஆனால் பயப்பட வேண்டாமாம். பதினெட்டாயிரம் கட்டினால் மூளையைத் தட்டி எழுப்ப ஆறு மாத வகுப்பு இருக்கிறதாம். கருவிலேயே பதிந்ததை அழித்து எழுதப் பதினெட்டாயிரம்தான். மலிவு.

சுபா சரியாகச் சாப்பிடவில்லை. என் சம்சாரம் அன்னக்கொடியோ தீர்மானமாக இருந்தாள்.

"கம்ப்யூட்டரே சொல்லுது. கணக்கு குரூப்ல போய் பெயிலாகி நிக்கவா? அடுத்த திங்கக்கிழமை அட்மிஷன். டைலரிங் குரூப்ல சேத்துவிடுவோம்."

"முத்துத்தாய் டீச்சர் கணக்கு குரூப்தான் எடுக்கச் சொன்னாங்கம்மா."

"அவங்க சும்மா சொல்றாங்க. இவரு மெஷின் வச்சுச் சொல்றாரு."

அதுதான் விஷயம். டீச்சர் மூணு வருஷம் பாடம் நடத்தி, பேப்பர் திருத்திப் பார்த்துச் சொன்னது ஓசி. ஓசியில் சொன்னால் யார் நம்புவார்?

நான் நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கூட்டப் படித்தவன். வேகமாகப் புரட்டத் தெரியாது, ஒவ்வொரு எழுத்தாகத்தான் போவேன். படித்தவர்கள் எல்லாம் சதவீதத்தைப் பார்த்துவிட்டு மூடிய ரிப்போர்ட்டை, வேலை முடிந்து வந்து வந்து ஒரு வாரம் வாசித்தேன். கடைசிப் பக்கத்தில், எறும்பு சைஸில் ஒரு வரி: 'பத்து விரல் ரேகைகளும் தெளிவாகப் பதிந்தால் மட்டுமே இந்த அறிக்கை உருவாகும்.'

என் கையைத் திருப்பிப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறும் மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் புது பேனர்: 'இன்று பெற்றோருக்கு இலவசம்.' மூணு பேரும் போனோம்.

"பாக்கி கொண்டாந்தீங்களா அய்யா?"

"மடியில இருக்கு சார். பெத்தவங்களுக்கு ஓசின்னு போட்டிருக்கே, எனக்கும் பாத்துருங்க."

"இந்த வயசுல எந்த குரூப்பு எடுக்கப்போறீங்கண்ணே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. நான் அழுத்தினேன். பத்துப் பச்சை. சிவக்குமார் ரிப்போர்ட்டை மைக்கிலேயே வாசித்தார்.

"அய்யாவுக்கு தர்க்க அறிவு தொண்ணூத்தொண்ணு! படிச்சிருந்தா விமானம் ஓட்டியிருப்பாரு!"

கைதட்டல். பொய் சொல்வானேன், எனக்கே ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது.

"ரேகை நல்லா விழுந்துச்சா சார்?"

"இம்புட்டு தெளிவான ரேகைய நான் பாத்ததே இல்ல அய்யா!"

மூணாவது வரிசையில் பரீத் எழுந்தார். எங்கள் ரேஷன் கடை சேல்ஸ்மேன். மகள் ஆயிஷா சித்திகாவுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தவர்.

"அண்ணே, வச்சது உங்க விரலுதானா?"

"என் விரலுதான் பாய்."

பரீத் சிவக்குமார் பக்கம் திரும்பினார். "சார், இந்த அண்ணன் கையில ரேகையே கிடையாது. சிமெண்டு தின்னுருச்சு. மூணு வருஷமா என் மெஷின்ல இவரு விரல் ஒண்ணுகூட விழுந்ததில்ல. வீட்டம்மா வந்து வச்சாத்தான் அரிசி."

அன்னக்கொடி நிமிர்ந்தாள். மாசாமாசம் அரைநாள் கூலியை விட்டுவிட்டு ரேஷன் வரிசையில் நிற்பவள் அவள்தான்.

சிவக்குமார் அசரவில்லை. "அது கவர்மெண்ட் மெஷின். தோலுக்கு மேல மட்டும் பாக்கும். நம்மது ஜெர்மன். தோலுக்கு உள்ள பாக்கும்."

"அப்படியா?" அன்னக்கொடி தட்டிலிருந்து ஒரு போண்டாவை எடுத்தாள். "அப்ப மாவுக்கு உள்ள இருக்கிற கிழங்கையும் பாக்கட்டும்."

"அம்மா, எண்ணெய், எண்ணெய்..." என்று அவர் ஓடி வருவதற்குள் அழுத்திவிட்டாள். பச்சை. விடவில்லை. பத்துத் தடவை அழுத்தினாள். பத்துப் பச்சை.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் தலையைத் தூக்காமலே, பழக்க தோஷத்தில் கேட்டாள்: "பேரு சொல்லுங்கக்கா."

"போண்டா."

பிரிண்டர் ஓடியது. முப்பத்திரண்டு பக்கம், கலர் அட்டையோடு. சுபா அதை உருவி மைக்கில் வாசித்தாள்: "செல்வன் போண்டா. தர்க்க அறிவு எண்பத்தெட்டு சதவீதம். கோபத்தைக் குறைத்துக்கொள்ளவும். கணிதப் பாடப்பிரிவு மிகவும் உகந்தது. வெளிநாட்டில் குடியேறும் வாய்ப்பு உண்டு."

நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "எனக்குப் பதினொண்ணு. இதுக்கு எண்பத்தெட்டாம்மா."

ஒரு வாரத்துக்கு அப்புறம் என் மகள் சிரித்தாள். மண்டபமே சிரித்தது. "மாப்ள, போண்டாவுக்கு பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லு!" சிரித்து முடித்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அட்வான்ஸ் ஞாபகம் வந்தது. மேடைக்கு ஏறினார்கள். அன்றைக்குத்தான் சிவக்குமார் கோட்டைக் கழற்றி நான் பார்த்தேன். உள்ளே சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"உங்க பாக்கியே வேணாம் அய்யா, அம்மாவக் கூட்டிட்டுக் கெளம்புங்க," என்று கும்பிட்டார். கொடுத்த ரெண்டாயிரத்தை எண்ணி வாங்கினேன். "பாக்கி வேணாம்னதையும் சீட்டுல எழுதிக் கொடுங்க சார். இப்ப நான் வாசிப்பேன்."

மறுநாள் அன்னக்கொடியே முன்னால் நடந்து போய் சுபாவைக் கணக்கு குரூப்பில் சேர்த்தாள். பள்ளிக்கூடத்தில் யாரும் விரலைக் கேட்கவில்லை. மார்க் ஷீட்டைத்தான் கேட்டார்கள்.

நாளைக்கு இன்னொருத்தர் வருவார். விரலை விட்டுவிட்டுக் காது மடலைக் கேட்பார். நீட்டுவதற்கு முன்னால், 'எப்படிய்யா கண்டுபிடிக்கிற?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கத் தோணவில்லையா? நீங்கள் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, உங்கள் பிள்ளைக்காகப் பேச அந்தப் போண்டாவை முன்னால் அனுப்புங்கள். தர்க்க அறிவு உங்களைவிட அதுக்கு ஜாஸ்தி. மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய் பாக்கியைத் தள்ளுபடி பண்ணின போண்டா அது. சீட்டு என்னிடம் இருக்கிறது.